மனவாயிலின் காவல்: தரிகொண்ட வெங்கமாம்பாவின் வாழ்வு

திருமலைக் கோயிலில் ஒவ்வொரு நாளும் இறுதியாக நடைபெறுவது ஏகாந்த சேவை. இறைவனைத் துயில்கொள்ளுமாறு வேண்டும் வழிபாடு அது. அன்னமாச்சாரியரின் வழித்தோன்றல் ஒருவர் அப்போது தாலாட்டு இசைப்பார். அதைத் தொடர்ந்து முத்துக்கள் விளங்கும் தட்டில் ஆரத்தி காட்டப்படும். தாள்ளபாக்கத்தாரின் தாலாட்டு, தரிகொண்டாவாரின் ஆரத்தி என்று திருமலையில் இவ்விரண்டையும் சேர்த்தே சொல்வது வழக்கம்.

அந்த ஆரத்திக்கு உரியவர் ஓர் இளம் விதவை. தமது சொந்த ஊர்க் கோயிலிலிருந்து தலைமுடியைப் பற்றி இழுத்து வெளியேற்றப்பட்டவர் என்று அவரது வரலாறு கூறுகிறது. அமங்கலம் என்று ஊரார் ஒதுக்கிய ஒருவரின் பெயரால், உலகின் புகழ்பெற்ற திருத்தலம் ஒன்றில் ஒவ்வோர் இரவும் மங்கள ஆரத்தி நடைபெறுகிறது. இந்த இரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அவர் எவ்வாறு கடந்தார்? அவரிடம் செல்வமோ, படையோ, உறவினரின் துணையோ இருக்கவில்லை. அவர் காத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: தமது மனம். எண்ணங்களைக் காத்தல் என்னும் சாதனையின் விளக்கமாகவே தரிகொண்ட வெங்கமாம்பாவின் (1730–1817) வாழ்க்கையைப் படிக்கலாம்.

இரு மரபுகள் கண்ட உண்மை

மனத்தை அடக்குவது காற்றை அடக்குவது போன்றது என்று கீதையில் அர்ஜுனன் முறையிடுகிறான். பயிற்சியாலும் பற்றின்மையாலும் அது இயலும் என்று பகவான் விடையளிக்கிறார். இந்தப் பயிற்சியின் நுட்பங்களை ஆராய்ந்தவர்கள் நம் நாட்டு யோகிகள் மட்டுமல்லர். கிறிஸ்தவ மரபிலும் இது துறவு வாழ்வின் நடுநாயகமான சாதனையாக விளங்கியது. இதயத்தை மற்றெல்லாவற்றையும்விடக் கருத்தாகக் காக்க வேண்டும் என்பது பழைய ஏற்பாட்டின் நீதிமொழிகள் நூல் தரும் அறிவுரை. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனங்களுக்குச் சென்று தவம் புரிந்த துறவிகள் அந்த அறிவுரையை ஒரு வாழ்க்கை முறையாகவே வளர்த்தெடுத்தனர்.

அவர்களுள் எவாக்ரியஸ் என்னும் துறவி முக்கியமானவர். 399-ஆம் ஆண்டு மறைந்த அவர், சாதகனைத் தாக்கும் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்தார். பெருந்தீனி, காமம், பேராசை, துயரம், சினம், சோர்வு, புகழாசை, செருக்கு என்பன அவை. எண்ணம் ஒன்று வந்து மனத்தின் கதவைத் தட்டுவதில் குற்றமில்லை. கதவைத் திறந்து அதனோடு உரையாடுவது இரண்டாம் படி. அதற்கு இசைவது மூன்றாம் படி. இசைந்தபின் மனிதன் அதற்கு அடிமையாகிறான். ஆகவே முதல் படியிலேயே விழித்திருக்க வேண்டும் என்பது அந்த மரபினர் வளர்த்த போதனை. இந்த விழிப்பை அவர்கள் நெப்சிஸ் என்ற கிரேக்கச் சொல்லால் குறித்தனர். மது மயக்கமற்ற தெளிவு என்பது அதன் நேர்ப்பொருள்.

இந்த எட்டில் துயரம், சினம், புகழாசை ஆகிய மூன்றும் வெங்கமாம்பாவின் வாழ்வில் ஒன்றன்பின் ஒன்றாக வாயிலில் வந்து நின்றதைக் காண்கிறோம். எகிப்தியத் துறவிகளைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. ஆயினும் மனத்தின் இயல்பு எங்கும் ஒன்றே ஆதலால், அவர்கள் வகுத்த வரைபடம் இவரது பயணத்தைப் புரிந்துகொள்ளவும் உதவுகிறது.

தரிகொண்டாவின் சிறுமி

மதனப்பள்ளிக்கும் வாயல்பாடுக்கும் அண்மையில், குர்ரம்கொண்டாக் கோட்டைக்கு அருகே உள்ள சிற்றூர் தரிகொண்டா. முன்பு கடப்பைச் சீமையைச் சேர்ந்திருந்த அப்பகுதி, 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுடன் இணைந்து, 2022 வரை அதிலேயே இருந்தது. தயிர் கடையும் பானையில் நரசிம்மப் பெருமான் வெளிப்பட்டதால் ஊருக்கு இப்பெயர் வந்தது என்று ஊரார் கூறுவர். அங்குள்ள லட்சுமி நரசிம்மர் கோயிலே வெங்கமாம்பாவின் முதல் பள்ளி.

தந்தை கிருஷ்ணய்யா, தாய் மங்கமாம்பா. அந்தணக் குலத்தில் பிறந்த இக்குழந்தைக்கு விளையாட்டைவிட வழிபாட்டிலேயே நாட்டம் மிகுந்திருந்தது. அவர் பிறந்த காலம் அமைதியானதன்று. அவரது பத்தாம் வயதில், 1740-இல், தாமல்செருவுக் கணவாயில் மராட்டியர் படை ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியைக் கொன்றது. பின்னர் மைசூரின் படைகள் அந்நிலத்தில் மீண்டும் மீண்டும் நடமாடின. 1782-இல் ஹைதர் அலி இறந்ததும் சித்தூருக்கு அருகிலேயாம். வெளியுலகம் நிலைகுலைந்திருந்த ஒரு நூற்றாண்டில்தான் இப்பெண்மணி அக அமைதியைத் தேடினார் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

அக்கால வழக்கப்படி சிறுவயதிலேயே அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் விரைவில் காலமானார்.

முதல் எண்ணம்: துயரம்

அன்றைய சமுதாயத்தில் விதவையின் நிலை யாவரும் அறிந்ததே. தலையை மழிக்க வேண்டும், பொட்டும் பூவும் நீக்க வேண்டும், நல்ல நிகழ்ச்சிகளில் எதிர்ப்படக் கூடாது. இவையெல்லாம் வெளிப்புறக் கட்டுப்பாடுகள். இவற்றைவிடக் கொடியது ஒன்று உண்டு. நான் பாவி, நான் அமங்கலம், என் வாழ்வு முடிந்துவிட்டது என்று அவளே எண்ணத் தொடங்குவது அது. ஊரார் சொல்லும் சொல் காதோடு நின்றால் அது ஒலி மட்டுமே. மனம் அதை ஏற்று, தன் சொல்லாகத் திரும்பச் சொல்லத் தொடங்கும்போதுதான் அது விலங்காகிறது.

வெங்கமாம்பா அந்தச் சொல்லை உள்ளே வரவிடவில்லை. வேங்கடவனே தமக்கு நாயகன் என்றும், அவன் அழிவற்றவன் ஆதலால் தாம் என்றும் சுமங்கலியே என்றும் அவர் உறுதி கொண்டார். மழிக்க மறுத்தார். பொட்டை நீக்க மறுத்தார். இதனை வெறும் பிடிவாதம் என்று கொள்வது பொருந்தாது. துயர எண்ணத்தை எதிர்த்து மல்லுக்கு நிற்பவன் நாளெல்லாம் அதனையே நினைத்துக்கொண்டிருக்க நேரிடும். அவரோ அந்த இடத்தில் வேறோர் எண்ணத்தை வைத்தார். வீட்டில் உரிமையாளர் அமர்ந்திருக்கும்போது பிறர் நுழைய இடமில்லை அல்லவா? காலியான மனமே கள்வருக்கு எளிதில் திறக்கும்.

உணர்ச்சி மட்டும் போதாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். மதனப்பள்ளியில் வாழ்ந்த சுப்பிரமணிய தேசிகரிடம் உபதேசம் பெற்று யோக நெறியில் பயின்றார். ஊரிலிருந்த காலத்திலேயே தரிகொண்ட நரசிம்ம சதகம், சிவ நாடகம், பாலகிருஷ்ண நாடகம் முதலியவற்றோடு ராஜயோகாம்ருத சாரம் என்ற நூலையும் இயற்றினார். கபில முனிவர் தம் தாய் தேவஹூதிக்கு உபதேசித்த வரலாறு அந்நூலின் பொருள்.

இத்தேர்வு சிந்திக்கத்தக்கது. தேவஹூதியும் கணவரைப் பிரிந்தவளே. கர்தமர் துறவு பூண்டு கானகம் சென்றபின் தனித்து நின்றவள். அவளுக்குக் கபிலர் கூறும் முதன்மையான செய்தி மனத்தைப் பற்றியது. கட்டுக்கும் மனமே காரணம், வீட்டுக்கும் மனமே காரணம். குணங்களைப் பற்றினால் கட்டு, இறைவனைப் பற்றினால் வீடு. துணையிழந்த ஓர் இளம்பெண் பாகவதம் என்னும் பெருங்கடலிலிருந்து இந்த ஒரு பகுதியை எடுத்துக்கொண்டார் என்றால், அது தமக்குத் தேவையான மருந்தைத் தாமே கண்டறிந்த செயலன்றோ?

இரண்டாம் எண்ணம்: சினம்

ஊரார் அவரை விட்டுவைக்கவில்லை. தரிகொண்டாக் கோயிலில் ஆஞ்சநேயர் திருவுருவத்திற்குப் பின்னால் அமர்ந்து அவர் தியானத்தில் ஆழ்ந்திருப்பது வழக்கம். ஒருநாள் அர்ச்சகர் ஒருவர் அவரைக் கண்டு, வசைமொழிகளோடு வெளியே இழுத்துத் தள்ளினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதன்பின் அவர் ஊரை நீங்கித் திருமலையை நோக்கிப் புறப்பட்டார்.

திருமலையில் அவருக்கு ஆதரவு கிட்டியது. அன்னமாச்சாரியரின் வழிவந்தோரும் ஹாதிராம்ஜி மடத்தாரும் அவரை மதித்து, தங்குவதற்கு இடமளித்தனர். நாள்தோறும் இரவில் பெருமானுக்கு ஆரத்தி காட்டும் பேறும் கிடைத்தது. ஆனால் அமைதி நீடிக்கவில்லை. அண்டை வீட்டில் வாழ்ந்த கோயில் பணியாளர் ஒருவர் பலவாறு தொல்லை கொடுத்தார் என்று அவரது வரலாறு கூறுகிறது. அம்மையார் திருமலையின் வீதியை விட்டு, காட்டினுள் இருக்கும் தும்புரு கோனைக்குச் சென்றார். அங்கே ஒரு குகையில் ஆறு ஆண்டுகள் தவம் புரிந்தார் என்பர்.

பங்குனிப் பௌர்ணமியன்று யாத்திரிகர்கள் தும்புரு தீர்த்தத்திற்கு இன்றும் செல்கின்றனர். இருபுறமும் செங்குத்தாக உயர்ந்த பாறைகள், அவற்றின் நடுவே குறுகிய நீர்வழி, சுற்றிலும் அடர்ந்த காடு. அத்தகைய இடத்தில் தனியே வாழ்வது எளிதன்று.

அம்மையார் வீதியை விட்டு நீங்கியது, அவருடைய மனமும் கலங்கியது என்பதைக் காட்டவில்லையா என்று சிலர் கேட்கலாம். கலங்கியிருக்கலாம், அதனால் அவர் பெருமை குறைவதில்லை. சினத்தைத் தூண்டும் சூழலில் நாள்தோறும் நின்று தோற்பதைவிட, விலகிச் சென்று மனத்தைத் திடப்படுத்திக்கொள்வது சாதகனுக்கு உரிய விவேகமே. இளஞ்செடிக்கு வேலி தேவை. ஆனால் வேலிக்குள் வந்துவிட்டதாலேயே வேலை முடிந்துவிடுவதில்லை. உலகில் வாழ்வோரைப் பொருள்கள் தாக்குகின்றன என்றும், தனிமையில் வாழ்வோரை எண்ணங்கள் தாக்குகின்றன என்றும், இரண்டாவது போரே கடுமையானது என்றும் எவாக்ரியஸ் எச்சரித்தார். அண்டை வீட்டாரைத் திருமலையிலேயே விட்டுவிட்டு வரலாம். அவர் சொன்ன சொல்லும், அதற்குச் சொல்லாமல் விட்ட பதிலும், நினைக்க நினைக்க வளரும் மனக்குறையும் குகை வரை கூடவே வந்துவிடும். தூண்டும் மனிதர் எவரும் எதிரே இல்லாதபோதும் எழும் சினம், நம்முள்ளேயே வேர்கொண்ட சினம். அதனைத் தனிமைதான் நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

அதே எகிப்தில் சிங்க்ளெட்டிகா என்ற துறவியன்னை வாழ்ந்தார். நம் மொழியைப் போலவே அவரையும் அங்குள்ளோர் அம்மா என்றே அழைத்தனர். மலையில் இருந்துகொண்டே கூட்டத்தின் நடுவில் வாழ்பவரைப் போல் வாழ்வதும் உண்டு. கூட்டத்தின் நடுவில் இருந்துகொண்டே மனத்தால் தனிமையில் வாழ்வதும் உண்டு என்பது அவர் தம்மை நாடி வந்த பெண்களுக்குக் கற்பித்த கருத்து.

தும்புரு கோனையில் அம்மையார் பெற்றது என்ன என்பதை அறிய அவருடைய பிற்கால வாழ்வே சான்று. அவர் மீண்டும் திருமலைக்கு வந்தார். அதே வீதிகள், அதே கோயில், தம்மை ஏசியவர்களும் நடமாடிய அதே ஊர். அங்கே தமது எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். காட்டுக்குச் சென்றவர் காட்டிலேயே தங்கிவிட்டிருந்தால், அதைத் தப்பியோடியதாகக் கருத இடமுண்டு. திரும்பி வந்து அவர்கள் நடுவிலேயே அமைதியாக வாழ்ந்ததால், அந்த ஆண்டுகள் தவமாயின.

மூன்றாம் எண்ணம்: புகழாசை

திரும்பி வந்தவரை எதிர்கொண்டது வேறொரு சோதனை. இப்போது ஏசுவோர் குறைந்து போற்றுவோர் பெருகினர். அவரைப் பற்றிய அற்புதக் கதைகள் பரவின. அடைத்த கதவுகள் இரவில் அவருக்காகத் திறந்தன என்றும், பெருமானே அவரது பாடலைக் கேட்க விரும்பினார் என்றும் மக்கள் பேசிக்கொண்டனர். இக்கதைகளை நாம் பக்தியுடன் கேட்கிறோம். ஆனால் உயிரோடு இருக்கும்போதே தம்மைப் பற்றி இவ்வாறு பேசப்படுவதைக் கேட்கும் ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மற்ற எண்ணங்களை வென்றவரிடம் அந்த வெற்றியையே தூண்டிலாக்கிக்கொண்டு வருவது புகழாசை. துயரத்தையும் சினத்தையும் வெல்லும் சாதகர் பலர் இங்கே சறுக்கி விழுகின்றனர்.

அம்மையார் எவ்வாறு தப்பினார்? அவருடைய படைப்புகளில் இதற்கு இரு தடயங்கள் கிடைக்கின்றன. முதலாவது, தாம் முறையாகக் கல்வி பயின்றவர் அல்லர் என்றும், தம்முள்ளிருந்து பாடுவது இறைவனே என்றும் அவர் வெளிப்படையாகக் கூறிக்கொள்வது. வேங்கடாசல மாஹாத்மியம், விஷ்ணு பாரிஜாதம், ராம பரிணயம், பாகவதம், வாசிஷ்ட ராமாயணம், அஷ்டாங்க யோக சாரம் என்று பல நூல்களையும், தத்துவக் கீர்த்தனைகளையும், யட்சகான நாடகங்களையும் இயற்றிய ஒருவர், அவற்றுக்குத் தமது கற்றலைக் காரணமாகக் காட்டவில்லை.

இரண்டாவது, அவர் தம் நூல்களைத் தரிகொண்டா நரசிம்மருக்கே உரியனவாக்கியது. திருமலையில் பெரும்புகழ் பெற்ற பின்னரும், வேங்கடவனையே அவர் தம் சிற்றூர்ப் பெருமானின் பெயரால்தான் விளித்தார். எந்தக் கோயிலிலிருந்து அவமதிப்போடு வெளியேற்றப்பட்டாரோ, அந்தக் கோயிலின் இறைவனை அவர் இறுதிவரை மறக்கவில்லை. அர்ச்சகரின் செயல் அர்ச்சகரோடு நின்றது. இறைவனிடம் அவர் கொண்ட அன்பை அது தொடவில்லை. கசப்பு உள்ளே நுழைந்திருந்தால், அப்பெயரை ஒவ்வொரு நூலிலும் இத்தனை இனிமையாக எழுத முடிந்திருக்குமா?

புகழோடு வந்த பொருளையும் அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. மலையேறி வரும் யாத்திரிகர்களுக்கு உணவும் நீரும் அளிக்கும் அறத்தைத் திருமலையில் நடத்தினார். அந்த அறத்தின் நினைவாக, திருமலையில் 2011-இல் திறக்கப்பட்ட பெரிய அன்னதானக் கூடத்திற்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டுள்ளது. அங்கே உணவருந்துவோரிடம் குலமோ, மணமானவரா விதவையா என்பதோ எவரும் கேட்பதில்லை.

நான்கு வாயிற்காவலர்

அம்மையார் தெலுங்கில் வாசிஷ்ட ராமாயணமாகப் பாடிய நூல், தமிழர்களுக்கு ஞானவாசிட்டம் என்ற பெயரில் அறிமுகமானது. இளமையிலேயே உலகின் நிலையாமையைக் கண்டு மனம் சோர்ந்த ராமனுக்கு வசிஷ்டர் செய்யும் உபதேசம் அது. அதில் வீடுபேற்றின் வாயிலில் நான்கு காவலர் நிற்பதாக ஓர் உருவகம் வருகிறது. மன அமைதி, ஆத்ம விசாரம், மனநிறைவு, சாதுக்களின் தொடர்பு என்பன அந்நால்வர். நால்வரோடும் நட்புக் கொள்ள இயலாவிடினும், ஒருவரோடேனும் நட்புக் கொண்டால் மற்ற மூவரும் தாமே வசமாவர் என்கிறார் வசிஷ்டர்.

அம்மையாரின் வாழ்வில் இந்நால்வரையும் அடையாளம் காண முடிகிறது. தேசிகரிடம் பெற்ற உபதேசம் சாதுக்களின் தொடர்பு. கபிலரின் போதனையைத் தம் வாழ்வோடு பொருத்திப் பார்த்தது விசாரம். உலகம் தம்மிடமிருந்து பறித்ததை எண்ணிப் புலம்பாமல், இறைவன் ஒருவனே போதும் என்றிருந்தது மனநிறைவு. தும்புரு கோனையில் வேரூன்றித் திருமலை வீதியில் நிலைபெற்றது மன அமைதி.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். எண்ணங்களைக் காத்தல் என்றதும், எப்போதும் வாளேந்தி நிற்கும் ஓர் இறுக்கமான மனநிலையை நாம் கற்பனை செய்கிறோம். அத்தகைய காவல் நெடுநாள் நீடிக்காது, களைப்பில் முடியும். வசிஷ்டரின் காவலர்களோ நண்பர்கள். அவர்கள் தீயவற்றைத் தடுப்பதோடு, நல்லதை உள்ளே அழைத்தும் வருகின்றனர். எகிப்தியத் துறவிகளின் வழிவந்தோரும் இறுதியில் ஓயாத போராட்டத்தைவிட, இயேசுவின் திருநாமத்தை மூச்சோடு இணைத்துச் சொல்லிக்கொண்டிருக்கும் ஜபத்தையே பெரிதும் நம்பினர். அம்மையாரின் வழியும் அதுவே. அவருடைய பாடல்கள் காவலும் ஆயின, வழிபாடும் ஆயின.

நமக்கு எஞ்சும் பாடம்

1817-இல் வெங்கமாம்பா திருமலையிலேயே உடல் நீத்தார். அவருடைய பிருந்தாவனம் அங்கே இன்றும் உள்ளது. நீண்ட வாழ்வில் அவர் நவாபுகளின் ஆட்சியைக் கண்டார், படையெடுப்புகளைக் கண்டார், கோயில் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறுப்பில் வந்ததையும் கண்டார். அவற்றின் தலைவர்களுள் பலர் பெயர்களை இன்று வரலாற்று மாணவர்களே அறிவர்.

நம்முள் எவரையும் இன்று கோயிலிலிருந்து இழுத்துத் தள்ளுவாரில்லை. எனினும் அலுவலகத்தில் கேட்ட ஒரு சுடுசொல்லை வீட்டுக்கு எடுத்து வருகிறோம். உறவினர் பத்தாண்டுகளுக்கு முன் செய்த அவமதிப்பை ஜபமாலை உருட்டும்போதும் உருட்டுகிறோம். அவர்கள் செய்தது ஒருமுறை. நாம் நம் மனத்தில் அதை ஆயிரம் முறை செய்யவிடுகிறோம். அந்த ஆயிரத்துக்கும் பொறுப்பு அவர்களுடையதன்று.

அடுத்த முறை அத்தகைய எண்ணம் வந்து தட்டும்போது, அதனோடு வழக்காடாமல், விரட்டவும் முனையாமல், இஷ்டதெய்வத்தின் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்ப்போம். எண்ணம் மீண்டும் வரலாம். நாமும் மீண்டும் சொல்வோம். தரிகொண்டாவிலிருந்து திருமலை வரை அந்த அன்னை நடந்த வழியில் நாமும் எடுத்துவைக்கக்கூடிய அடி அதுவே.